சென்னை சுற்றிப் பார்க்க பறக்கும் ரயில்

மெரினா, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பதாக இருந்தால் ஆட்டோ பேச வேண்டாம். வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் (மேம்பாலத்தின் மேல் ஓடும் உள்ளூர் ரயில்) ஏறிவிடுங்கள். சென்ட்ரலில் இறங்குபவர்களுக்கு எதிரிலேயே பூங்கா நகர் நிலையம் இருக்கிறது.

இந்தப் பாதை கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே, பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிப் போகிறது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானம், அடுத்த நிலையத்தில் பார்த்தசாரதி கோயில், திருமயிலையில் இறங்கினால் கபாலீசுவரர் கோயில்; எல்லாம் நடக்கிற தூரம்தான். குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய், சிக்னல் தொல்லையும் இல்லை. கலங்கரை விளக்கம் நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், கலங்கரை விளக்கம் கொஞ்சம் தள்ளி, மெரினா கடற்கரையில் இருக்கிறது.

காலையிலேயே கிளம்புவது நல்லது. மதியம் 12 மணி வாக்கில் கோயில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் இந்த யோசனை சரிவராது. நிலையங்கள் உயரத்தில் இருப்பதால் படி ஏற வேண்டும். அப்புறம், இரவு நேரத்தில் சில நிலையங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். தனியாகத் திரும்புபவர்கள் பேருந்தில் போய்விடலாம்.