தம்பதியின் பயணப்படம்: குறைந்த செலவில் எடுப்பது எப்படி

இருவர் மட்டும் நடிக்க, பெரும்பகுதி ஒரு காருக்குள்ளேயே நிகழும் படத்தைச் சிறிய தொகையில் எடுக்க முடியும். அந்தத் தொகையை மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் செலவிடாமல், விலகிச் செல்ல வழியின்றி அருகருகே அமர்ந்திருக்கும் அந்த இருவருக்காகச் செலவிட வேண்டும் என்பதைத் திரைக்கதை எழுதும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பயணத்துக்கு ஓர் எளிய காரணம் போதும். இத்தாலிய இயக்குநர் ரோசெல்லினியின் ‘ஜர்னி டு இத்தாலி’ (1954) படத்தில், இறந்துபோன உறவினரின் வீட்டை விற்பதற்காக ஓர் ஆங்கிலேயத் தம்பதி நேப்பிள்ஸுக்கு வருகிறார்கள். எரிமலைச் சாம்பலில் புதையுண்ட ஓர் ஆணும் பெண்ணும் பண்டைய நகரமான பொம்பெயியின் அகழாய்வில், உடல்கள் விட்ட வெற்றிடத்தில் ஊற்றிய பிளாஸ்டரின் உருவங்களாக வெளிப்படுவதைக் கண்டு மனைவி கலங்கிப்போகிறாள். மணமுறிவைப் பற்றிய நீண்ட வசனங்களால் அந்தக் கணத்தை எட்டியிருக்க முடியாது. உங்கள் கதையிலும் அத்தகைய இடங்கள் இரண்டோ மூன்றோ இருந்தால் போதும்.

ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமி ‘டென்’ (2002) படத்துக்காக டாஷ்போர்டில் சிறிய டிஜிட்டல் கேமராக்களைப் பொருத்தி, ஓட்டுபவரையும் உடன் வருபவரையும் தனித்தனிச் சட்டகங்களில் பதிவு செய்தார். தம்பதிக்குள் பிணக்கு நீடிக்கும்வரை இந்த முறையைப் பின்பற்றி, இருவரும் சேர்ந்து தெரியும் ஷாட்டை அரிதாகவே பயன்படுத்துங்கள். கார்க் கண்ணாடியின் பிரதிபலிப்பைக் குறைக்க, லென்ஸில் பொருத்தும் போலரைசர் ஃபில்டர் உதவும். ஒவ்வொரு டேக்குக்கும் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியிருப்பதால், போக்குவரத்து குறைந்த, விரைவில் சுற்றி வரக்கூடிய சாலையாகத் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

ஒலியில் மட்டும் சிக்கனம் கூடாது. டப்பிங்கில் வசனத்தை மீட்கலாம். பேச வந்ததை விழுங்கிக்கொள்ளும் மூச்சை மீட்பது மிகக் கடினம். ஆகவே ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இருவருக்கும் தனித்தனி காலர் மைக் வைத்து நேரடி ஒலிப்பதிவு செய்யுங்கள். கண்ணாடி திறந்த நிலை, மூடிய நிலை, எஞ்சின் அணைந்த நிலை என ஒவ்வொன்றிலும் காரின் ஓசையைச் சில நிமிடங்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால், படத்தொகுப்பில் வெட்டுகள் உறுத்தாது. திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் பிடிவாதமான மௌனத்தைச் சுற்றி நகரும் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024), பின்னணி இசையே இல்லாமல், வழியின் ஓசைகளைக் கொண்டே அந்த இறுக்கத்தை உணர்த்துகிறது.

காட்சிகளை இயன்றவரை கதை வரிசையிலேயே எடுங்கள். நடிகர்களின் உண்மையான களைப்பு அப்போது படத்துக்குள் வந்து சேரும். உச்சக்கட்டச் சண்டையின்போது மட்டும் நடிகரை வண்டி ஓட்டவிடாதீர்கள். காரை ஏற்றிச்செல்லும் டிரெய்லருக்கு வாடகை கொடுக்க முடியாவிட்டால், அந்தக் காட்சியை இரவுக்கு மாற்றி, காரைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஓர் உதவியாளர் கைவிளக்கை முகங்களின் மீது சீரான இடைவெளியில் நகர்த்த, இன்னொருவர் பின்னாலிருந்து வண்டியை மெல்ல அசைத்தால், நெருக்கமான சட்டகத்தில் அது ஓடும் காராகவே தெரியும்.