மைனிங் இயந்திரத்தின் மின்செலவைக் குறைக்க ஓர் எளிய கற்றல் மாதிரி

பிட்காயின் வலையமைப்பில் மின்சாரத்தை விழுங்குவது பணப் பரிமாற்றங்கள் அல்ல. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை பரிமாற்றங்களின் அடுத்த தொகுப்பை (பிளாக்) பதிவேட்டில் சேர்க்க, மைனர்கள் எனப்படும் இயந்திர உரிமையாளர்களுக்குள் நடக்கும் போட்டியே. ஹாஷ் எனும் கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து, பொருத்தமான விடையைத் தேடுவதே அந்தப் போட்டி. ஹாஷின் விடையை இயந்திரக் கற்றலால் முன்கூட்டியே கணிக்க முடியாது. மற்றொரு கிரிப்டோ நாணய வலையமைப்பான எத்தீரியம் 2022 செப்டம்பரில் செய்ததைப் போலப் போட்டியையே கைவிட்டால் செலவு 99 விழுக்காட்டுக்கு மேல் குறையும். ஆனால் அது வலையமைப்பு இயங்கும் விதிகளையே மாற்றுவது, நம் கையில் இல்லை. ஒவ்வொரு ஹாஷுக்கும் ஆகும் மின்சாரத்தைக் குறைப்பது மட்டும் நம்மால் இயலும்.

படி 1: அளவுகோல்
இயந்திரம் இழுக்கும் வாட்டை, அது நொடிக்குச் செய்யும் டெராஹாஷால் (ஒரு டெராஹாஷ் என்பது ஒரு லட்சம் கோடி ஹாஷ்) வகுக்கவும். ஆன்ட்மைனர் எஸ்19 ப்ரோ எனும் மைனிங் இயந்திரத்தின் அறிவிக்கப்பட்ட அளவுகள் 3250 வாட், நொடிக்கு 110 டெராஹாஷ். அதாவது ஒரு டெராஹாஷுக்குச் சுமார் 29.5 ஜூல். இந்த எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்று.

படி 2: தரவு
சிப்பின் அதிர்வெண்ணில் ஐந்து நிலைகள், மின்னழுத்தத்தில் நான்கு நிலைகள் என 20 இணைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் ஓட்டவும். வெப்பம் நிலைப்படும் வரையிலான முதல் 15 நிமிடங்களை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு ஒரு வரியாகப் பதிந்தால் 900 வரிகள் கிடைக்கும். உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்கவும். மின்சாரத்தை இயந்திரத்தின் திரையில் பார்க்காமல், மின்இணைப்பில் தனி மீட்டர் வைத்து அளப்பதே சரி. மின்வழங்கியிலும் விசிறியிலும் போகும் இழப்பு அப்போதுதான் கணக்கில் வரும்.

படி 3: மாதிரி
இங்கே அவசரப்பட்டு நரம்பியல் வலையமைப்புக்குத் தாவ வேண்டாம். சிப்பின் இயங்கு மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை அதிர்வெண்ணால் பெருக்கிய மதிப்புக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கும் என்பது மின்னணுவியல் தரும் அறிவு. அந்தப் பெருக்கற்பலனையே ஓர் உள்ளீடாகவும் வெப்பநிலையை மற்றோர் உள்ளீடாகவும் கொடுத்தால், பைத்தான் நிரல் நூலகமான சைகிட்-லேர்னில் உள்ள நேர்கோட்டுத் தொடர்புப் பகுப்பாய்வே வாட்டைக் கணிக்கப் பெரும்பாலும் போதும். ஹாஷ் வேகத்துக்குத் தனி மாதிரி தேவை. மின்னழுத்தம் போதாதபோது பிழைகள் பெருகி வேகம் திடீரெனச் சரிவதால், அதற்குப் பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் பொருந்தும்.

படி 4: சோதனை
புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வரிகளைக் கலைத்துப் பிரித்தால், ஒரே இணையின் அடுத்தடுத்த நிமிடங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இடம்பெற்று, மாதிரி பொய்யான மதிப்பெண் வாங்கிவிடும். ஆகவே நான்கைந்து இணைகளை முழுமையாக ஒதுக்கி வைத்துச் சோதிக்கவும்.

படி 5: தேர்வு
அளந்த எல்லைக்குள் இடைப்பட்ட இணைகளை இரு மாதிரிகளிடமும் கொடுத்து, கணித்த வாட்டைக் கணித்த ஹாஷ் வேகத்தால் வகுத்து, மிகக் குறைந்த ஜூல் வரும் இணையைக் கண்டறியவும். அது பெரும்பாலும் அடிமட்டத்தில் இருக்காது. அதிர்வெண்ணை மிகவும் குறைத்தால் விசிறி முதலியவற்றின் நிலையான செலவு குறைந்த ஹாஷ்களின் மேல் விழும். கிடைத்த இணையில் ஒரு முழு நாள் ஓட்டி மீட்டரைப் பாருங்கள். கணிப்பு விலகியிருந்தால் அந்த வரிகளையும் சேர்த்து மீண்டும் பயிற்றுவியுங்கள்.