ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: எந்தக் காகிதம் முதலில், எது அப்புறம்?

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு முதல் தலைவலி, வரிசை. நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் (APS) சான்றிதழ் இல்லாமல் விசா இல்லை. மருத்துவ இன்ஷூரன்ஸ் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய முடியாது. ஒன்றைத் தள்ளிப்போட்டால் அதன் பின்னால் நிற்கும் எல்லாமே தள்ளிப்போகும். அக்டோபரில் தொடங்கும் வின்டர் செமஸ்டருக்குப் போகிறீர்கள் என்றால், அதற்கு முந்தைய வருட ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

யாரும் சொல்லித்தராத படி இது. நம் மதிப்பெண் பட்டியலில் பெயரோடு ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. நமக்கு இது சாதாரணம், ஜெர்மன் அலுவலகத்துக்கோ இரண்டு வேறு ஆட்கள். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்து மாறாமல் எழுதுங்கள். சான்றிதழில் வித்தியாசம் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஏபிஎஸ்

இந்தியாவில் படித்தவர்களின் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று பார்க்கும் அமைப்பு, டெல்லியில் இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். ஆன்லைனில் பதிந்து, கேட்கும் ஆவணங்களை அனுப்ப வேண்டும். எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் வேண்டும். அரியர் எழுதித் தேறியிருந்தால் அதையும் மறைக்காமல் வையுங்கள். அரியர் இருந்ததற்காக ஏபிஎஸ் மறுக்க மாட்டார்கள், ஒரு பட்டியல் விடுபட்டால் கோப்பு அங்கேயே நிற்கும். சான்றிதழ் வர வாரங்கள் ஆகும், சீசனில் இன்னும் இழுக்கும். அதனால்தான் இதை இரண்டாவதாக வைத்திருக்கிறேன்.

படி 3: எங்கே கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள்

ஜெர்மனியில் 1.0 தான் முதல் தரம், 4.0 வரை தேர்ச்சி. நம் சிஜிபிஏவை அந்த அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் உண்டு. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். பத்துக்கு 8, தேர்ச்சி 5 என்றால் 2.2 வரும். 7.5 என்றால் 2.5. பல துறைகள் 2.5 வரைதான் பார்க்கும் என்பதால் அந்த எல்லையில் இருப்பவர்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரி, குறைந்தபட்சத் தேர்ச்சி எவ்வளவு என்று கடிதத்தில் குறிப்பிட்டுத் தந்தால் இந்தக் கணக்கில் குழப்பம் வராது.

மதிப்பெண்ணைவிட அதிகம் பேரைக் கழிப்பது பாடங்கள்தான். மெக்கானிக்கல் முடித்துவிட்டு டேட்டா சயின்ஸ் கேட்டால், கணிதத்தில் இத்தனை கிரெடிட், புரோகிராமிங்கில் இத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்கள். நீங்கள் படித்த பாடங்களின் சிலபஸை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணமே இல்லை என்று நம்பிப் போகாதீர்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் பங்களிப்பு என்ற சிறு தொகை மட்டும்தான். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க், ஃப்ரைபர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 வின்டரிலிருந்து அவர்களிடம் மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது.

படி 4: விண்ணப்பம்

ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) இணையதளத்தில் ஆங்கில வழிப் படிப்புகளைத் தேடலாம். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த போர்ட்டலில் வாங்கும், சில, பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் (uni-assist) வழியாக வாங்கும். யூனி-அசிஸ்ட் கட்டணம் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்ததற்கு 30. கடைசித் தேதி பல இடங்களில் ஜூலை 15. போட்டி அதிகமுள்ள படிப்புகளுக்கு மே மாதத்திலேயே, சிலவற்றுக்கு அதற்கும் முன்னரே முடிந்துவிடும். ஐஇஎல்டிஎஸ் 6.5 இருந்தால் பெரும்பாலும் போதும்.

மோட்டிவேஷன் லெட்டரில் சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்ட கதை வேண்டாம். அந்தத் துறையின் எந்தப் பாடத்துக்காக, எந்த ஆய்வுக்கூடத்துக்காகப் போகிறீர்கள், அதற்கு உங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட் எப்படிப் பொருந்துகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்.

படி 5: பணம், விசா

ப்ளாக்ட் அக்கவுண்டில் ஒரு வருடச் செலவுக்காக 11,904 யூரோ போட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். இந்தத் தொகை அவ்வப்போது ஏறுவதால் பணம் அனுப்பும் நாளில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கல்விக்கடன் வாங்குகிறவர்கள், வங்கி நேராக அந்தக் கணக்குக்கே அனுப்புமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். இனி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், இல்லையேல் நீதிமன்றம். அதனால் அவசரத்தில் அரைகுறையாகக் கொடுப்பதைவிட நாலு நாள் கழித்து முழுசாகக் கொடுப்பது மேல்.

படி 6: அறை

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே, அந்த ஊர் மாணவர் நல அமைப்பான ஸ்டுடீரெண்டன்வெர்க்கின் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். வாடகை குறைவு, காத்திருப்போர் வரிசை நீளம். வெளியே தேடும்போது "கால்ட்" என்றால் வெறும் வாடகை, "வார்ம்" என்றால் ஹீட்டிங் முதலானவையும் சேர்ந்தது. வார்ம் தொகையைத்தான் உங்கள் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டுக்காரர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவார் என்று யாராவது சொன்னால் அது மோசடி. பதிலே போடாதீர்கள்.

அறை கிடைத்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "இந்த முகவரியில் நான் பதிந்துகொள்ளலாமா?" இல்லை என்றால் அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

படி 7: முதல் இரண்டு வாரம்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் அன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவத்தைக் கொண்டுபோக வேண்டும், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் சுலபமாகக் கிடைக்காது, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே போட்டு வையுங்கள்.

முகவரிப் பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் வரும். கத்தோலிக்கர், புரொட்டஸ்டன்ட் என்று எழுதினால், பின்னாளில் சம்பளம் வாங்கும்போது வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம் சர்ச் வரியாகப் பிடிப்பார்கள். கொடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம், தெரிந்து எழுதுங்கள்.

அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே அறை எண், ஃப்ளாட் எண் பார்த்துத் தபால் போடும் வழக்கம் இல்லை. பெட்டியிலும் அழைப்பு மணியிலும் இருக்கும் பெயரைத்தான் பார்ப்பார்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண் (PIN), வரி எண், இன்ஷூரன்ஸ் அட்டை எல்லாம் தபாலில்தான் வருகின்றன. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டேப் போட்டு ஒட்டினாலே போதும்.

மாணவர் இன்ஷூரன்ஸ் மாதம் 150 யூரோ அளவில் வரும். இந்தச் சலுகை 30 வயது வரைதான். விசா முடியும் முன் குடியிருப்பு அனுமதி வாங்க வேண்டும், அதற்கும் அப்பாயின்ட்மென்ட் முன்கூட்டியே.

படி 8: வகுப்பு

பல பாடங்களில் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டார்கள், இன்டர்னல் மார்க் இருக்காது. கடைசியில் ஒரே தேர்வு, அதுதான் முழு மதிப்பெண். தேர்வுக்கு ஆன்லைனில் தனியாகப் பதிய வேண்டும். தேதி தவறினால் உள்ளே விட மாட்டார்கள். நம் ஊர் அரியர் கணக்கு இங்கே செல்லாது. பல இடங்களில் ஒரு பாடத்தை எழுத மூன்றே வாய்ப்பு. கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள், ஜெர்மனியில் வேறெங்கும் அதே படிப்பைத் தொடர்வதும் கடினமாகும். முதல் செமஸ்டரில் ஆறு பாடம் எடுத்துத் திணறுவதைவிட நாலு எடுத்து நன்றாக எழுதுங்கள்.

பகுதிநேர வேலை வருடத்துக்கு 140 முழு நாள் செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராகக் கிடைக்கும் வேலை இந்தக் கணக்கில் சேராது, அதனால் அதை முதலில் தேடுங்கள். நிறுவனங்களில் நல்ல வேலைக்கு ஏ1, ஏ2, பி1 என்று ஏறும் மொழி நிலைகளில் பி1 அளவு ஜெர்மன் கேட்பார்கள். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறெங்கோ ஏ2 வரை முடித்துவிட்டுப் போனால், அங்கே போய்ச் சேர்ந்தபின் மீதி ஒரு படிதான். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். அலுவலகக் கடிதங்கள் எல்லாம் ஜெர்மனில்தான் வரும்.