கிண்டில் ஸ்டக் ஆகி நின்றால்: கடைக்குக் கொண்டுபோக முன் வீட்டில் செய்து பார்க்க வேண்டியவை

திரையில் பக்கம் தெரிகிறது. விரலால் தட்டினால் அசைவில்லை, பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. கிண்டில், கோபோ மாதிரி மின்புத்தக வாசிப்பான் வைத்திருப்பவர்கள் உடனே கேட்பது, "படம் தெரியுதுதானே, அப்ப பற்றரி இருக்குத்தானே?" என்றுதான்.

அப்படி இல்லை. இந்தத் திரைக்குள் இருக்கும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்சாரம் பட்டால் இடம் மாறும். மாறிய இடத்திலேயே நிற்கும். பக்கம் மாறும்போது மட்டுந்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். பற்றரி முற்றாக இறங்கிப்போன பிறகும் கடைசியாகத் தெரிந்த பக்கம் அப்படியே இருக்கும். அதனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பற்றரியைத்தான்.

முதலில் சார்ஜ். சாதாரண 5 வோல்ட் போன் சார்ஜர் போதும். முற்றாக இறங்கிய பற்றரி உடனே எழும்பாது. சார்ஜ் விளக்குக்கூட சில நேரம் பிந்தித்தான் எரியும். குறைந்தது ஒரு மணித்தியாலம் விடுங்கள், பல நாள் தொடாமல் கிடந்தது என்றால் இரவு முழுக்க விடலாம். விளக்கே வரவில்லை என்றால் வயரை மாற்றிப் பாருங்கள். கிழக்கிலங்கையில் கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று நாம் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில். உப்புக் காற்றில் வயர் முனையும் சார்ஜ் துளையும் பச்சை பிடிக்கும். துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். தூசி இருந்தால் உலர்ந்த மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்.

கச்சான் என்ற சூடான காற்றடிக்கும் மாதங்களில் மதியத்தில் ஜன்னலோரம் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். கிண்டில் 35 பாகை செல்சியஸ் வரைக்குந்தான். நமது வெயில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். இரவில் போடுவது நல்லது.

அப்புறம் பட்டன். வயரைக் கழற்றிவிட்டு, கிண்டிலின் பவர் பட்டனை 40 செக்கன் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையில் திரையில் ஏதாவது பெட்டி வந்தாலும் கையை எடுக்காதீர்கள். பெரும்பாலானோர் 10 செக்கனில் விட்டுவிட்டு "வேலை செய்யல்ல" என்கிறார்கள். கோபோவுக்கு 30 செக்கன் போதும். பழைய சில கோபோக்களில் இதற்கென்றே சின்னத் துளை ஒன்று இருக்கும், பேப்பர் கிளிப் முனையால் அதை அழுத்த வேண்டும். இதனால் புத்தகம் எதுவும் அழியாது. பயப்படாமல் செய்யுங்கள். ஸ்டக் ஆகும் வாசிப்பான்கள் பெரும்பாலும் இங்கேயே சரியாகிவிடும்.

திரும்பத் திரும்ப ஸ்டக் ஆகிறதா? அப்படியென்றால் கடைசியாக ஏற்றிய புத்தகத்தைப் பாருங்கள். நம்மில் பலர் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத் தளத்திலிருந்து பழைய ஈழத்துப் புத்தகங்களை எடுத்து ஏற்றுகிறோம். அருமையான சேகரிப்பு அது. தன் ஊரில் பிறந்த விபுலானந்த அடிகளைப் படிக்க விரும்பும் காரைதீவுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த பிடிஎஃப்களில் நிறைய, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த படங்கள். வாசிப்பானின் சின்னப் புரொசசர் அந்தக் கனத்தில் திணறிப்போகும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்து நூல்கள் தட்டச்சு செய்த எழுத்துகள் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு. ஒரேயடியாக நூறு புத்தகம் ஏற்றினாலும் திணறும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் உள்ளே தேடுவதற்கு ஏற்றபடி கிண்டில் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும். நாலைந்தாக ஏற்றுங்கள். கனமான ஸ்கேன் நூலைக் கொம்பியூட்டரில் இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து ஏற்றினால் நிம்மதியாக வாசிக்கலாம்.

கிண்டிலைக் கொம்பியூட்டரில் செருகி, 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரைத் திறந்து, சந்தேகப்படும் பைலை அழித்துவிட்டுத் திரும்ப 40 செக்கன் பிடியுங்கள். கொம்பியூட்டரில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் அது சார்ஜுக்கு மட்டுமான வயராக இருக்கலாம். அதில் தகவல் போகும் கம்பிகள் இருக்காது. வேறு வயர் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முழு ரீசெட் கடைசியில். இதைச் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். அமேசானில் வாங்கியவற்றைத் திரும்ப இறக்கலாம்; வயர் போட்டு நீங்களாக ஏற்றியவற்றுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அந்த 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டர் முழுவதையும் முதலில் கொப்பி பண்ணுங்கள். 'மை கிளிப்பிங்ஸ்' என்ற பைலை மறக்கவே கூடாது. கோடு போட்ட வரிகளும் நீங்கள் எழுதிய குறிப்புகளும் அதற்குள்தான். புத்தகத்தை மறுபடி தேடி எடுக்கலாம், ஒரு நூலை வாசித்தபோது மனதில் பட்டதை எங்கே தேடுவது? கொப்பி எடுத்த பிறகு செட்டிங்ஸில் போய் ரீசெட் கொடுங்கள்.

மாரி மழையில் நனைந்தது என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடவே கூடாது. அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை, தூசிதான் துளைக்குள் போகும். காற்றோட்டமான நிழலில் வைத்தால் போதும்.

பின்பக்கம் வீங்கித் தெரிந்தால் பற்றரி உப்பிவிட்டது. வயரைக் கழற்றி, அழுத்தாமல், போன் திருத்தும் கடைக்குக் கொண்டுபோங்கள். திரையின் ஒரு பகுதி மட்டும் கோடுகோடாக நின்று மற்றப் பகுதி மாறுகிறது என்றால் கண்ணாடிக்குள் வெடிப்பு. அதற்கு ரீசெட் உதவாது, திரையையே மாற்ற வேண்டும். செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.