செட்டிநாட்டு வெயிலுக்கும் வோல்டேஜுக்கும் ஒரு ரெடிமேட் கேமிங் கணினி: எஸ்.எம்.பி.எஸ், கூலிங், ஸ்டோரேஜ் தேர்ந்தெடுப்பது எப்படி?

பூட்டித் தயாராக வரும் கேமிங் டெஸ்க்டாப்பின் விளம்பரத்தில் கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் பெரிய எழுத்தில் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ் (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), கூலர், எஸ்.எஸ்.டி (விளையாட்டும் ஃபைலும் சேமிக்கும் ஸ்டோரேஜ்) மூன்றும் அடியில் "500 வாட், ஏர் கூலர், 512 ஜிபி" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் அந்தக் கணினி ஐந்தாறு வருடம் ஓடுமா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியை ஒட்டும் சூடு, ஊரே ஏசி போடும் நேரத்தில் இறங்கும் வோல்டேஜ், ஜன்னல் வழியே வரும் செம்மண் தூசி எல்லாவற்றையும் தாங்கப்போவது அந்த மூன்றும்தான்.

பட்ஜெட் இடித்தால் முதலில் எஸ்.எம்.பி.எஸ், அடுத்து கூலிங், கடைசியில் ஸ்டோரேஜ் என்று காசு ஒதுக்குங்கள். எஸ்.எஸ்.டியை ஆறு மாதம் கழித்து ஒரே ஸ்க்ரூவில் சேர்த்துவிடலாம். எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்ற மொத்த வயரிங்கையும் பிரிக்க வேண்டும். அது மோசமாகப் போனால் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

படி 1: ஆர்டருக்கு முன் பிளக் பாயின்ட்டை அளந்து பாருங்கள்

எலக்ட்ரீஷியனை அழைத்து, கணினி வைக்கப்போகும் பாயின்ட்டில் மல்டிமீட்டரால் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. முதல் அளவை மட்டும் இரவு 8 மணிக்கு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பகலில் 230 காட்டும் இடம் அப்போது 180க்கு இறங்கலாம்.

பழைய வளவு வீடுகளில் பல அறைகளுக்கு எர்த் வயரே போயிருக்காது; மூன்று துளை சாக்கெட் இருந்தும் மேல் துளை வெறுமனே இருக்கும். அதில் கணினியை மாட்டினால் கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூவைத் தொடும்போது சுருக்கென்று இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசியும் சிறு மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினட் தகட்டிலேயே நிற்பதுதான் காரணம். கணினியில் பழுது இல்லை, எந்த எஸ்.எம்.பி.எஸ் மாற்றினாலும் அது போகாது. எர்த் குழியிலிருந்து ஒரு வயர் இழுத்தே ஆக வேண்டும்.

படி 2: எஸ்.எம்.பி.எஸ்

கணக்கு எளிது. உதாரணத்துக்கு ரைசன் 5 7600 பிராசசர் முழு வேகத்தில் 88 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட். மதர்போர்டு, ரேம், ஃபேன், எஸ்.எஸ்.டி எல்லாம் சேர்த்து 70 வாட் என்று வையுங்கள். கூட்டினால் 303. இதற்குத் தரமான 550 வாட் போதும். ஆர்டிஎக்ஸ் 5070 என்றால் கார்டே 250 வாட், மொத்தம் 408. அங்கே 650 வாட் எடுங்கள். கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் இந்த இடைவெளி. இல்லாவிட்டால் விளையாட்டின் நடுவே கணினி பட்டென்று அணைந்துவிடும், ப்ளூ ஸ்கிரீன்கூட வராது.

பெட்டியில் உள்ள வாட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 45 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 45, அதாவது 540 வாட். அது நியாயமான 550. "500 வாட்" என்று போட்டுவிட்டு அந்தக் கட்டத்தில் 30 ஆம்பியர் இருந்தால், கார்டுக்கும் பிராசசருக்கும் கிடைப்பது 360 வாட்தான். லேபிளையோ மாடல் நம்பரையோ தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அதே லேபிளில் இன்புட் 100–240 என்று இருக்கிறதா, 200–240 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். லோ வோல்டேஜ் உள்ள ஊருக்கு முதலாவது கட்டாயம். மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைக் காட்டும் 80 ப்ளஸ் முத்திரையில் ப்ரான்ஸ் போதும்; 115 வோல்ட் சோதனையில் பாதி சுமைக்கு ப்ரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் தர வேண்டும். கோல்டுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் கரன்ட் பில்லில் சீக்கிரம் திரும்பாது. ஆனால் மிச்சமாகும் சூடு அறைக்குள் வராமல் இருப்பது நம் ஊருக்கு நல்லதுதான். உத்தரவாதம் 5 வருடத்துக்குக் குறையாமல் பாருங்கள். பெரிய பிராண்டு டெஸ்க்டாப் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: "எஸ்.எம்.பி.எஸ் சாதாரண ஏடிஎக்ஸ் அளவா, இல்லை உங்கள் சொந்த கனெக்டரா?" சொந்த கனெக்டர் என்றால் பிற்பாடு பெரிய கார்டு போட முடியாது.

யுபிஎஸ், இன்வெர்ட்டர்

600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். மானிட்டரையும் சேர்த்தால் கேமிங் கணினிக்குப் போதாது. 1000 விஏ, 600 வாட், லைன் இன்டராக்டிவ் வகை வாங்குங்கள். அது வோல்டேஜ் குறைந்தால் பேட்டரியைத் தொடாமலே தூக்கிக் கொடுக்கும். கரன்ட் போனால் சில நிமிடம்தான் தாக்குப்பிடிக்கும். சேவ் செய்து அணைக்கத்தான் அந்த நேரம், ஆட்டத்தை முடிக்க அல்ல.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இன்றைய எஸ்.எம்.பி.எஸ் உறுமும், சில சமயம் அணைந்தே போகும். இன்வெர்ட்டரின் முன்னாலோ பின்னாலோ யுபிஎஸ் மோட் ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள். கரன்ட் போன பிறகு எஸ்.எம்.பி.எஸ் தன் கையிருப்பில் 16, 17 மில்லிசெகண்ட்தான் தாங்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறுவதற்குள் அந்த நேரம் கடந்துவிடலாம்.

கோடை இடியிலும் ஐப்பசி மழையிலும் பிளக்கைப் பிடுங்குவதோடு, ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வந்து மதர்போர்டைத் தின்னும்.

படி 3: கூலிங்

எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. கடையில் 24 டிகிரி ஏசியில் பிராசசர் 72 டிகிரி காட்டினால், மே மாதம் 36 டிகிரி அறையில் அதே ஆட்டத்தில் ஏறக்குறைய 84 காட்டும். ரைசன் 5 7600 தாங்கும் உச்சம் 95. அதை நெருங்கினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; ஆட்டம் திக்கித் திக்கி ஓடும்.

ரைசன் 5 7600 போல, விவரத்தில் 65 வாட் என்று போட்டிருக்கும் வகைப் பிராசசருக்கு 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் ஏர் கூலர் எடுங்கள். வாட்டர் கூலர் இந்த வகைக்குத் தேவையில்லை. ஏர் கூலரில் கெடக்கூடியது ஒரு ஃபேன், எந்தக் கடையிலும் கிடைக்கும். வாட்டர் கூலரில் பம்ப் நின்றால் மொத்தமாக மாற்ற வேண்டும், அதுவரை கணினி சும்மா நிற்கும். அதிக சூடு தரும் பெரிய பிராசசருக்கு வாங்கியே தீர வேண்டுமென்றால் ரேடியேட்டரை மேல்பக்கம் பொருத்தச் சொல்லுங்கள். பம்ப் உச்சியில் இருந்தால் காற்றுக் குமிழி அதில் தங்கி இரையும்.

கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியா, சல்லடையா? சல்லடைதான். கண்ணாடி முகப்பு போட்டோவில் அழகு. நம் வெயிலில் அடைத்த அடுப்பு. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள. உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால் தூசி ஃபில்டர் வழியாக மட்டும் வரும், இடுக்குகளில் நுழையாது. பின்பக்கம் காலியாக உள்ள பிசிஐ துளைகளுக்கு (கூடுதல் கார்டு செருகும் இடங்களுக்கு)த் தகடு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வழியில் பல்லி போய் மதர்போர்டில் ஷார்ட் ஆவது இங்கே நடக்கிற காரியம்.

வைக்கும் இடமும் கூலிங்தான். மச்சு அறையைவிட, கனமான சுவர் உள்ள கீழ் அறை பகலில் சில டிகிரி குறைவாக இருக்கும். சுவரோடு கட்டிய தேக்கு அலமாரிக்குள் மட்டும் வைக்காதீர்கள். வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும். ஆத்தங்குடித் தரை குளுகுளுவென்று இருக்கிறதே என்று தரையிலும் வேண்டாம். கூட்டும் தூசியும் துடைக்கும் தண்ணீரும் நேரே அடிப்பக்க ஃபில்டருக்குப் போகும். ஒரு சாண் உயர முக்காலி போதும், பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் விடுங்கள்.

படி 4: ஸ்டோரேஜ்

512 ஜிபி வேண்டாம், 1 டிபி எடுங்கள். விண்டோஸில் அது 931 ஜிபி என்றுதான் காட்டும், ஏமாற்று அல்ல. கணக்கிடும் முறை வேறு. இன்றைய பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும். ஜென் 4 (நான்காம் தலைமுறை) என்விஎம்இ வகை எஸ்.எஸ்.டி போதும். ஜென் 5 நொடிக்கு 10,000 எம்பி ஓடும் என்பார்கள், ஆனால் விளையாட்டு லோட் ஆவதில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கூடுதல் சூடுதான் தெரியும். கேட்க வேண்டியது இரண்டு: டிஎல்சியா க்யூஎல்சியா (சிப்பின் ஒரு செல்லில் மூன்று பிட் எழுதும் வகையா, நான்கு பிட் எழுதும் வகையா), போர்டில் இன்னொரு எம்.2 (எஸ்.எஸ்.டி செருகும்) இடம் காலியா. டிஎல்சி வாங்குங்கள். க்யூஎல்சி நிறைய நிறைய எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு விழலாம். எதுவானாலும் 15 சதவீதம் காலியாக விடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் கல்யாண வீடியோவுக்கும் போட்டோவுக்கும் சரி, விளையாட்டுக்குச் சரிப்படாது.

படி 5: பெட்டி வந்த அன்று

பிளக்கில் செருகும் முன் பக்கவாட்டுக் கதவைத் திறங்கள். கிராபிக்ஸ் கார்டு ஆடாமல் இருக்க உள்ளே நுரைப்பை வைத்து அனுப்புவார்கள்; அதை எடுக்காமல் ஓட்டினால் ஃபேன் சுழலாது. எம்.2 எஸ்.எஸ்.டியின் மேலுள்ள ஹீட்சிங்கின் (சூட்டை இழுக்கும் தகட்டின்) அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிக்காமலே விட்டிருக்கும், பாருங்கள். கார்டின் பவர் கனெக்டர் இடைவெளி தெரியாமல் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். பாதி செருகிய கனெக்டர்தான் சூடேறி உருகும். மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டுங்கள், மதர்போர்டில் அல்ல.

பிறகு எச்டபிள்யூஇன்ஃபோவை (கணினியின் சூட்டைக் காட்டும் மென்பொருள்) ஓடவிட்டு அரை மணி நேரம் விளையாடி, அறையின் சூடு, பிராசசர் உச்சம், கார்டின் உச்சம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி கேபினட்டின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். சித்திரையில் மறுபடி அளக்கும்போது அறைச் சூடு 5 டிகிரி ஏறியிருந்தால் பிராசசரும் 5 டிகிரி ஏறலாம். 15 ஏறியிருந்தால் முன் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள்.