கடல் ஆய்வுப் பயணத்துக்குக் கடிகார நிறுவனத்திடம் ஆதரவு கேட்பது எப்படி

1960-ல் ழாக் பிக்கார்டும் டான் வால்ஷும் மரியானா அகழியின் அடிக்கு இறங்கியபோது, அவர்களுடைய கலத்தின் வெளிப்புறத்தில் ஒரு ரோலக்ஸ் சோதனைக் கடிகாரம் பொருத்தப்பட்டிருந்தது. 1999-ல் பிக்கார்டின் மகன் பெர்ட்ராண்டும் பிரையன் ஜோன்ஸும் நிற்காமல் உலகைச் சுற்றிய பலூன், ப்ரைட்லிங் கடிகார நிறுவனத்தின் பெயரைத் தாங்கிப் பறந்தது. பெர்ட்ராண்டின் அடுத்த முயற்சி சோலார் இம்பல்ஸ். வெயிலை மட்டும் நம்பிப் பறந்து 2016-ல் உலகச் சுற்றை முடித்த அந்த விமானத்துக்கு ஒமேகா துணை நின்றது. அப்பாவின் காலத்தில் கடிகாரம் தாங்குமா என்று காட்டவே பயணம் தேவைப்பட்டது. இப்போது கடலுக்கோ காட்டுக்கோ பயன்படும் வேலை ஒன்று நடந்தாக வேண்டும் என்று இந்த நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. ஆகவே விண்ணப்பத்தில் சாகசத்தை முன்னால் வைக்காதீர்கள். வேலை முதலில், பயணம் அதற்கான வழி.

யாரைக் கேட்பது

முதல் வாசல் விருது. ரோலக்ஸ் விருதுகள் 1976-ல் தொடங்கின. முடிந்துபோன சாதனைக்குப் பாராட்டாக அல்லாமல், நடக்கிற அல்லது தொடங்கவிருக்கிற வேலைக்குப் பணமாகத் தரப்படுவது இவற்றின் தனித்தன்மை. சென்னைக்கு இது புதிதல்ல: காட்டுயிர்ப் படம் எடுக்கும் சேகர் தத்தாத்ரி (2004), பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் (2008), கீழ்க்கட்டளை ஏரியைச் சீரமைக்க முன்வந்த அருண் கிருஷ்ணமூர்த்தி (2012) ஆகியோர் பெற்றிருக்கிறார்கள். காட்டு விலங்குகளால் பயிரும் கால்நடையும் இழந்தவர்கள் இழப்பீடு பெற உதவும் தொலைபேசித் திட்டத்துக்காக 2019-ல் காட்டுயிர் ஆய்வாளர் கிருத்தி கரந்த் பெற்றார். இவர்கள் எவருமே தூரத்தையோ உயரத்தையோ காட்டிப் பெறவில்லை.

இரண்டாவது வாசல், நிறுவனம் ஏற்கெனவே கைகோத்திருக்கும் அமைப்பு. சுவிஸ் கடிகார நிறுவனமான பிளாங்பான் தன் கடல் பாதுகாப்புத் திட்டத்துக்காக 250 கடிகாரங்கள் மட்டும் கொண்ட பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் 1,000 யூரோ ஒதுக்கியது. அப்படித் திரளும் பணம் முன்பின் தெரியாத குழுவுக்கு வருவது அரிது. ஆய்வு நிறுவனமோ பல்கலைக்கழகத் துறையோ உங்கள் பக்கம் இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

மூன்றாவது, இந்திய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டனைப் போன்றவற்றை இந்த வழியில் அணுகலாம். உங்கள் அமைப்பு, இந்த நிதியைப் பெறுவோருக்கான சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் பொருளுக்கு விளம்பர லாபம் தேடும் ஸ்பான்சர்ஷிப்பைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்குக் காட்ட விதியில் இடமில்லை. படகில் லோகோ ஒட்டித் தருகிறோம் என்று அந்தக் கடிதத்தில் எழுதினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

விண்ணப்பம்

இரண்டு பக்கம் போதும், கூடவே ஒரு பக்க வரவு செலவு. எண்ணிக்கையில் பேசுங்கள். பாக் விரிகுடாவில் 2022-ல் அறிவிக்கப்பட்ட, சுமார் 448 சதுர கி.மீ. பரப்புள்ள கடற்பசுப் பாதுகாப்பகத்தில் கடற்புல் கணக்கெடுக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். “கடற்புல்லைக் காப்போம்” என்ற வரியால் பயனில்லை. இப்படி எழுதலாம்: ஓர் இடத்துக்கு 50 மீட்டர் நீளத்தில் மூன்று கோடுகள், கோட்டுக்குக் கோடு 25 மீட்டர் இடைவெளி. ஒவ்வொரு கோட்டிலும் 5 மீட்டருக்கு ஒரு முறை 50 செ.மீ. சதுரச் சட்டம் வைத்தால் கோட்டுக்கு 11, இடத்துக்கு 33 பதிவு. நான்கு இடம், இரண்டு பருவம் என்றால் மொத்தம் 264. ஒரு நாளைக்கு ஓர் இடம், காற்று கெடுத்தால் ஈடுகட்ட மூன்று நாள் கூடுதல். பருவத்துக்கு 7 படகு நாள், ஆக 14. இந்தக் கணக்கைப் படிப்பவருக்கு, செலவுத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்கும் அவசியமே இருக்காது.

காற்றைப் பார்த்துத் தேதி வையுங்கள். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்று மாதங்களில் பாக் விரிகுடா கலங்கிவிடும். சட்டத்துக்குள் இருக்கும் புல்லே தெரியாது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை. விசைப்படகுகளின் வலைத் தொந்தரவு இல்லாமல் வேலை செய்ய நல்ல நேரம். சந்தைப்படுத்தும் துறை தன் வெளியீட்டு விழாவுக்குத் தோதாக நவம்பரில் போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கலங்கிய நீரில் எடுத்த தரவு யாருக்கும் உதவாது.

செலவில் மீனவர்களின் கூலியைத் தனி வரியாகக் காட்டுங்கள். “இதர செலவு” என்பதற்குள் ஒளிக்காதீர்கள். எதிர்பாராத செலவுக்கு 10 முதல் 15 சதவீதம் ஒதுக்குங்கள். தரவைச் சரிபார்த்து அறிக்கை எழுதும் மாதங்களுக்கான சம்பளமும் சேரட்டும். விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான். பயணம் முடிந்து பணமும் தீர்ந்தபின் தரவு கணினியிலேயே கிடந்துவிடுகிறது.

பணம் வரும் வழி

அதிகமான திட்டங்கள் இங்கேதான் உடைகின்றன. சுவிட்சர்லாந்திலிருந்து நேரே வரும் நன்கொடைக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு, அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும்; கடந்த மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்கவும் வேண்டும். பணம் ஸ்டேட் பேங்கின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள வேறொரு அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தரவும் முடியாது. அந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

விளம்பரத்துக்கு ஈடாகக் கிடைக்கும் தொகை நன்கொடை ஆகாது. அது சேவைக் கட்டணம். பில், ஜிஎஸ்டி எல்லாம் உண்டு. ஒரே கடிதத்தில் பாதி நன்கொடை, பாதி விளம்பரம் என்று கலந்து எழுதினால் இரண்டு பக்கமும் சிக்கல். கடிதத்தைத் தொடக்கத்திலேயே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். அன்பளிப்பாக வரும் கடிகாரத்தையும் கணக்கில் வையுங்கள். சொந்த உபயோகப் பரிசு என்றாலும், வெளிநாட்டிலிருந்து வருவது ஒரு லட்சம் ரூபாய் மதிப்பைத் தாண்டினால் அதுவும் வெளிநாட்டுப் பங்களிப்பாகிவிடும். பரிசு வேண்டாம், இரவலாகத் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைந்தால் யார் பொறுப்பு, காப்பீடு யார் பெயரில் என்பதும் அதே தாளில் வரட்டும்.

அனுமதி

வனத்துறை அனுமதி கையில் வருமுன் எந்தத் தேதியையும் அறிவிக்காதீர்கள். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பாக் விரிகுடாவில் இலங்கை எல்லை மிக அருகில். கடலோரக் காவல் குழுமத்துக்குப் படகு எண்ணையும் ஆட்களின் பெயரையும் முன்கூட்டியே கொடுங்கள். வெளிநாட்டுப் படப்பிடிப்புக் குழு வந்தால் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாத சாட்டிலைட் போனையும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கைக்கருவியையும் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்வார்கள், வழக்கும் வரும்.

ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

கடலுக்குப் போவதா திரும்புவதா என்ற முடிவு பயணத் தலைவருடையது மட்டுமே. கடைசித் தவணையை “இலக்கை அடைந்தால்” என்று கட்டினால், கெட்ட வானிலையிலும் படகை இறக்கச் சொல்லும் நெருக்கடி வரும். கையெழுத்திடும்போது 50, களப்பணி முடிந்ததும் 30, அறிக்கை தந்ததும் 20 சதவீதம் என்று பிரியுங்கள். தரவு உங்களுடையது; முடிவு எப்படி இருந்தாலும் வெளியிடும் உரிமையும் உங்களுடையது. படங்களை அவர்கள் பயன்படுத்த ஆண்டு வரம்பு வையுங்கள், இரண்டு ஆண்டு நியாயம். மீனவர் முகம் விளம்பரத்தில் வருவதானால் அவருடைய தனி ஒப்புதலும் தனிக் கூலியும் வேண்டும்.

படமும் கடிகாரமும்

நிறுவனம் கேட்கும் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: நீருக்கடியில் கை, மணிக்கட்டில் கடிகாரம். அதை வேலையோடு சேர்த்தே எடுக்கலாம். சதுரச் சட்டம் புல்லின்மேல் கிடக்கிறது, அதற்குள் எத்தனை சதவீதம் புல் மூடியிருக்கிறது என்பதை முக்குளிப்பவர் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுகிறார், உடையின் கைப்பகுதிக்கு மேலே கட்டிய கடிகாரம் 9:42 காட்டுகிறது, பலகையிலும் 9:42. விளம்பரப் படங்களின் 10:10-க்கு முள்ளைத் திருப்பச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். படத்துக்கும் பதிவுத்தாளுக்கும் நேரம் ஒத்துப்போனால்தான் அந்தப் படம் சான்றாகவும் நிற்கும். படத்துக்காகப் புல்லின் மேல் மண்டியிடுவதோ பவளத்தைப் பிடிப்பதோ கூடாது.

முக்குளிப்புக் கடிகாரம் ஐஎஸ்ஓ 6425 தரத்தில் இருக்கட்டும். அத்தரத்தில் குறைந்தது 100 மீட்டர். குறித்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சோதிப்பார்கள். சாதாரணக் கடிகாரத்தில் அச்சிட்ட “50 மீட்டர்” முக்குளிக்க அல்ல. நீர் புகுவது பெரும்பாலும் தேதி மாற்றியபின் கடிகாரத்தின் பக்கவாட்டுத் திருகை இறுக்க மறப்பதால்தான். பழைய ரப்பர் வளையம் அடுத்த காரணம். படகில் ஏறுமுன் ஒருவர் கையை மற்றவர் பார்க்க வேண்டும். கரை வந்ததும், திருகு மூடியபடியே, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆழமும் நேரமும் கணிக்க முக்குளிப்புக் கணினியையே நம்புங்கள்.

அறிக்கை தரும்போது நிறுவனத்தின் விளம்பர வாசகத்தையும் வாங்கிப் படியுங்கள். சான்றில்லாத பசுமைப் பெருமைக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. “கடற்புல் படுகைகளை மீட்டோம்” என்று எழுதியிருந்தால் “நான்கு இடங்களில் 264 பதிவுகள் எடுக்க உதவினோம்” என்று திருத்தச் சொல்லுங்கள். திருத்தும்வரை உங்கள் பெயரைப் பயன்படுத்த ஒப்புதல் தராதீர்கள்.