பாரிஸ் விமான நிலையப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீடு பாரிஸின் லாச்சப்பல் பகுதியில், கார் து நோர் தொடருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில் இருப்பதால், யாழ்ப்பாணத்திலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர்களை அழைத்து வருவதும் வழியனுப்புவதும் பல ஆண்டுகளாக என் பொறுப்பாகவே இருந்து வருகிறது. இந்தக் கோடையில் வந்தவர்களும், நான் புதிதாக வந்த காலத்தில் செய்த அதே தவறுகளைச் செய்து பணத்தை இழந்ததைப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். கடவுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், கைப்பையைக் கவனியுங்கள் என்பவை எவருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

‘பி’ என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஏறுவது

சார்ல் து கோல் விமான நிலையத்துக்கு, நகரையும் புறநகரையும் இணைக்கும் ஆர்இஆர் தொடருந்தின் பி வழித்தடத்தில் போக வேண்டும் என்பதை எல்லோரும் கேட்டறிந்து வருகிறார்கள். அந்த வழித்தடம் வடக்கே ஓல்னே-சூ-புவா என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது என்பதைத்தான் எவரும் கேட்பதில்லை. ஒரு கிளை விமான நிலையத்துக்கும் மற்றது மித்ரி-கிளே என்ற ஊருக்கும் செல்கின்றன. இரண்டுக்குமான தொடருந்துகள் கார் து நோரின் அதே மேடையில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நிறத்தில் வந்து நிற்கின்றன.

எங்கள் அண்ணா முதன்முறை வந்து திரும்பியபோது நான்தான் அவரை அழைத்துச் சென்றேன். இரண்டு பெரிய பெட்டிகளையும் ஒரு கைப்பையையும் ஏற்றிவிட்டு, இடம் கிடைத்த நிம்மதியில் பேசிக்கொண்டே போனோம். ஓல்னேயைக் கடந்ததும் செவ்ரான் என்ற பெயர்ப்பலகை தெரிந்தது. விமான நிலையக் கிளையிலும் செவ்ரான் உண்டு என்பது எனக்கு நினைவிருந்தது. ஆகவே சரியான வழியில்தான் போகிறோம் என்று உறுதியாக நம்பினேன். உண்மையில் விமான நிலையக் கிளையில் இருப்பது செவ்ரான்-போதொத். நாங்கள் நின்றதோ செவ்ரான்-லிவ்ரி. அடுத்ததாக வேர்-கலான் என்ற பெயரைக் கண்டபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. இறங்கி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எதிர்மேடைக்குப் போய், ஓல்னேக்குத் திரும்பி, மறுபடியும் மாறி ஏறி, விமான நிலையத்தை அடைந்தபோது பயணப்பொதி ஏற்கும் கருமபீடத்தை மூடிவிட்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் புறப்பட, திரும்பும் பயணத்துக்கு மட்டும் புதிதாகச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அண்ணா ஒரு வார்த்தை கூடக் கடிந்துகொள்ளவில்லை. அதனாலேயே அது இன்றும் என்னை உறுத்துகிறது.

சென்ற மாதம் மைத்துனரின் குடும்பம் ஐந்து பேராக இதே வண்டியில் ஏறி மித்ரி வரை போய்விட்டது. கிளை பிரிவதைப் பற்றி முதல் நாள் இரவு நான் சொன்னபோது, “பி என்றால் பி தானே, தம்பி” என்று மைத்துனர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. எழுத்தைப் பார்த்து ஏறாதீர்கள். மேடையில் தொங்கும் பலகையில் அந்த வண்டி நிற்கும் நிலையங்கள் காட்டப்படும். அதில் விமான நிலையத்தின் பெயர் இருந்தால் மட்டுமே ஏறுங்கள். தவறி ஏறிவிட்டாலும் ஓல்னேக்கு முன்னரே உணர்ந்துவிட்டால் பெரிய இழப்பில்லை. அங்கே இறங்கி அடுத்த விமான நிலைய வண்டிக்குக் காத்திருக்கலாம். ஓல்னேயைத் தாண்டிய பின்னர் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் விமானத்தின் நிமிடம்.

விமான நிலையத்துக்குள்ளேயே இரண்டு ஆர்இஆர் நிலையங்கள் இருப்பதையும் மறக்க வேண்டாம். முதலாம், மூன்றாம் முனையங்களுக்கு முதலாவதில் இறங்க வேண்டும். இரண்டாம் முனையத்துக்குக் கடைசியில் இறங்க வேண்டும். மாறி இறங்கிவிட்டால், முனையங்களை இணைக்கும் இலவசத் தானியங்கி வண்டி இருக்கிறது.

நகரப் பயணச்சீட்டுடன் விமான நிலையம் போவது

2025 ஜனவரி முதல் கட்டண முறை மாறிவிட்டது. அந்த ஆண்டு மெத்ரோவுக்கும் ஆர்இஆருக்கும் பொதுவான சீட்டு 2.50 யூரோ, அது விமான நிலையங்களுக்குச் செல்லாது. விமான நிலையச் சீட்டு தனி. 2025இல் அதன் விலை 13 யூரோ. சாதாரணச் சீட்டுடன் போய் இறங்கினால், வெளியேறும் வாயிலில் மாட்டிக்கொண்டு தண்டப்பணம் கட்ட நேரிடும். சீட்டை ஏற்றும் அட்டை ஒருவருக்கு ஒன்று வேண்டும் என்பதையும் குடும்பமாக வருவோர் கவனிக்க வேண்டும். ஒரே அட்டையைக் கைமாற்றிக் கைமாற்றி ஐந்து பேர் உள்ளே போக இயலாது.

திங்கட்கிழமை வந்து அதே வார ஞாயிறுக்குள் திரும்புவோர் நவிகோ என்ற பயண அட்டையின் வாரச் சீட்டைப் பற்றி விசாரிப்பது நல்லது. 2025இல் அதன் விலை 31.60 யூரோ, விமான நிலையத்துக்குப் போகவும் வரவும் மட்டுமே அப்போது 26 யூரோ ஆனதால் கணக்கு எளிது. படம் ஒட்டிய அட்டைக்கு அப்போது தனியாக 5 யூரோ. அந்த வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிவதால், வெள்ளிக்கிழமை வந்திறங்குபவருக்கு அது பயன்படாது.

போவேயைப் பாரிஸ் என்று நம்புவது

போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீற்றர் தொலைவு. மலிவான விமானச் சீட்டின் விலையோடு பேருந்துக் கட்டணத்தையும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்.

ஓர்லிக்குப் பழைய வழியைக் கேட்டுப் போவது

2024 ஜூன் முதல் 14ஆம் இலக்க மெத்ரோ நேராக ஓர்லி விமான நிலையத்துக்கே செல்கிறது.

முனையத்துக்குள் வந்து அழைப்பவரின் காரில் ஏறுவது

டாக்சி வரிசையில் நில்லுங்கள்; சார்ல் து கோலிலிருந்து நகருக்குள் அதிகாரபூர்வ டாக்சிக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணமே உண்டு. 2025இல் அது சேன் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65 யூரோ.

ஒருமுறை விசாவுடன் லண்டனுக்குப் போய்த் திரும்ப நினைப்பது

யூரோஸ்டார் தொடருந்து இரண்டேகால் மணி நேரமளவில் லண்டனை அடைந்துவிடுவதால், இங்கே வந்த பலர் அங்குள்ள உறவுகளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணுகிறார்கள். பிரித்தானியா, ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வலயத்துக்கு வெளியே இருக்கிறது. பிரெஞ்சு வெளியேற்றச் சோதனையும் பிரித்தானிய நுழைவுச் சோதனையும் வண்டி ஏறுமுன் கார் து நோரிலேயே நடக்கின்றன. பிரித்தானிய விசா தனியாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா, அந்தச் சோதனையைத் தாண்டி வெளியேறியவுடன் முடிந்துவிடுகிறது என்பதும், கொழும்புக்கான விமானம் பாரிஸிலிருந்து என்றாலும் திரும்பி உள்ளே வர முடியாது என்பதும் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. யூரோஸ்டார் சீட்டு வாங்குமுன் விசாத் தாளில் நுழைவு எண்ணிக்கை குறித்த கட்டத்தைப் பாருங்கள். அதில் ‘01’ என்று இருந்தால், லண்டனிலிருக்கும் சித்தியைப் பாரிஸுக்கு வரச் சொல்லுங்கள்.